வேலூர் வெயிலில் கோபிபாட் வளர்க்க முடியுமா? மாண்டரின் மீனுக்காகக் கேட்கிறேன்

சத்துவாச்சாரி_ரீஃப்:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் மூன்றடி கடல்நீர் டேங்க் ஒன்று இருக்கிறது, ராக் போக தண்ணீர் மட்டும் ஒரு 160 லிட்டர் வரும். போன ஆடியில் ஆரம்பித்தது. உள்ளே இருப்பது எல்லாம் உலர்ந்த ராக்தான், கடலிலிருந்து எடுத்த லைவ் ராக் கிடையாது. ஒரு ஜோடி ஒசல்லாரிஸ் கிளவுன் மீன், ஒரு ஃபயர்ஃபிஷ், கொஞ்சம் நத்தை. பெல்லட்டும் ஃப்ரோஸன் மைசிஸும் போட்டால் எல்லாம் நன்றாகவே சாப்பிடுகின்றன.

சமீபத்தில் கொளத்தூர் போனபோது ஒரு கடையில் மாண்டரின் பார்த்தேன், அதிலிருந்து வேறு நினைப்பே இல்லை. ஆரணிப் பட்டு பார்டர் மாதிரி நீலமும் ஆரஞ்சும் ஓடுகிறது அதன் உடம்பில். இது உயிருள்ள கோபிபாட் (இறால் இனத்துப் பொடி உயிர்) மட்டும்தான் சாப்பிடும், மாதம் இரண்டு பாட்டில் வாங்கி ஊற்றினால் போதும் என்று கடைக்காரர் சொன்னார். பாட்டில் விலையைக் கேட்டதும் யோசனையாகிவிட்டது.

அதனால் சில சந்தேகம். மாதம் இரண்டு பாட்டில் உண்மையிலேயே போதுமா? வீட்டிலேயே வளர்த்துவிடலாம் என்றால் நம் ஊர் சித்திரை வெயிலில் அது பிழைக்குமா, என் டேங்க் இருப்பது மொட்டைமாடிக்கு நேர் கீழ் அறை, மதியம் மூன்று மணிக்குச் சுவரைத் தொட்டாலே சுடும். மாமா வீட்டுக் கிணற்றில் சைக்ளோப்ஸ் ஏராளமாக இருக்கிறது, அதுவும் கோபிபாட்தானே, அதை வடிகட்டிப் போடலாமா? வளர்ப்புத் தண்ணீருக்குக் கல் உப்பு போதுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


காட்பாடிக்காரன்:

தம்பி, மீனை இப்போது வாங்காதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மிச்சத்தை நிதானமாகப் படிக்கலாம்.

மாண்டரின் காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை என்று சாப்பிடும் மீன் இல்லை. விளக்கு எரிகிற நேரம் முழுக்க ராக் மேல் ஊர்ந்துகொண்டு, நின்று, உற்றுப் பார்த்து, டக்கென்று ஒன்றைக் கொத்தும், அப்புறம் நகரும். நிமிஷத்துக்கு இரண்டு என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். பத்து மணி நேரத்தில் 1,200. பாட்டிலில் 3,000 உயிர் இருக்கிறது என்று லேபிள் சொன்னாலும், அதில் ஒன்றுகூடச் சாகாமல் வந்து சேர்ந்தாலும், இரண்டரை நாளில் காலி. மாதம் இரண்டு பாட்டில் என்றால் மிச்ச இருபத்தைந்து நாள் அது என்ன சாப்பிடும்? கடையில் சொன்னது பாட்டில் விற்கும் கணக்கு. மீனுக்கான கணக்கு வேறு.

அப்படியென்றால் மாண்டரின் வைத்திருப்பவர்கள் எல்லாம் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். டேங்கிலேயே கோபிபாட் குட்டி போட்டுப் பெருகுகிறது, மீன் தின்னும் வேகத்தைவிடப் பெருகும் வேகம் அதிகமாக இருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். பாட்டில் என்பது விதைநெல், அதைச் சாப்பாடாக நினைத்தால் கட்டுப்படியாகாது. உங்கள் டேங்கில் இருப்பது உலர்ந்த ராக், அதில் தானாக எதுவும் வந்திருக்காது, வந்திருந்தாலும் நத்தை ஓட்டில் ஒட்டிக்கொண்டு வந்த கொஞ்சம்தான். இன்னொரு விஷயம், இந்த மீனுக்கு 280 லிட்டருக்குக் குறையாமல் டேங்க் வேண்டும் என்று பொழுதுபோக்குக்காரர்கள் பொதுவாகச் சொல்வார்கள், நிறைய ராக்கோடு. 160 லிட்டரில் முடியாது என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் வெளியே தனியாக வளர்த்து வாராவாரம் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இனம் பார்த்து வாங்குங்கள். டிக்ரியோபஸ் பெரியது, ஒரு மில்லிமீட்டரைத் தாண்டும், ஆரஞ்சு நிறம், வெட்டி வெட்டி நீந்தும், மீன் உடனே பார்த்துவிடும். அதனாலேயே டேங்கில் தங்காது, கிளவுனே முதல் அரை மணியில் பாதியைத் தின்றுவிடும். டிஸ்பே சின்னது, ராக் இடுக்கிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டு வாழும், வெளியே அவ்வளவாக வராது, டேங்கில் குடும்பம் பெருக்குவது இதுதான். அபோசைக்ளாப்ஸ் என்று ஒன்று இருக்கிறது, வெப்பமண்டல இனம், நம் ஊர் சூட்டுக்கு ஒத்துவரும். டிஸ்பேயும் அபோசைக்ளாப்ஸும் டேங்குக்கு, டிக்ரியோபஸ் வெளியே தனி வாளியில் தீனிக்கு. எனக்குச் சரியாக வந்த ஏற்பாடு இது.

ஊற்றும்போது விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் போகட்டும், மீன்கள் ஒதுங்கியிருக்கும். ரிட்டர்ன் மோட்டார், கழிவை நுரையாக அள்ளும் ஸ்கிம்மர், யூவி விளக்கு இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஃபில்டர் பை மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள், காசு கொடுத்து வாங்கியது முழுக்க அதில்தான் போய்ச் சிக்கும். பாட்டில் தண்ணீரில் அம்மோனியா ஏறியிருக்கும், அதை அப்படியே ஊற்றாமல் மெல்லிய வலையில் வடித்துவிட்டு டேங்க் தண்ணீரில் கலந்து, ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் எடுத்து ராக் அடியில் விடுங்கள். சம்ப் (டேங்குக்கு அடியில் வைக்கும் வடிகட்டுத் தொட்டி) இருந்தால் அதில் ஒரு மூலையைத் தடுத்து, கீட்டோ பாசியும் உடைத்த ராக் துண்டும் போட்டு விளக்கு வையுங்கள். மீன் எட்டாத இடம் அது ஒன்றுதான். மீன் வாங்கும் யோசனை மூன்று நான்கு மாதம் கழித்து.


ராணிப்பேட்டை_பெரியவர்:

காட்பாடித் தம்பி சொன்னது சரி. கிணற்றுச் சமாச்சாரத்துக்கு நான் பதில் சொல்கிறேன்.

கிணற்றில் இருக்கும் சைக்ளோப்ஸும் கோபிபாட்தான், ஆனால் நல்ல தண்ணீர்ப் பிராணி. கடல்நீரில் போட்டால் உடம்பிலிருக்கும் தண்ணீர் வெளியே இழுக்கப்பட்டுச் சீக்கிரமே செத்து அடியில் படியும், அதுவே அழுகி அம்மோனியாவாகும். கடைகளில் விற்கும் ஃப்ரோஸன் சைக்ளோப்ஸ் சங்கதி வேறு, அது செத்த தீனி, கொடுக்கலாம். ஒரு காலத்தில் இந்தக் கிணற்றுச் சைக்ளோப்ஸ்தான் நரம்புச் சிலந்தி நோயைப் பரப்பியது, வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். படிக்கட்டுக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் எடுத்த ஊர்களில் துணியை மடித்து வடிகட்டிக் குடிக்கச் சொல்வார்கள், அந்தப் பூச்சியைத் துணியிலேயே பிடிப்பதற்கு. 2000ஆம் ஆண்டில் இந்தியாவில் அந்த நோய் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்துவிட்டது. சரி, அது வேறு கதை.

கல் உப்பு வேண்டாம். அது கிட்டத்தட்ட முழுக்க சோடியம் குளோரைடு. ஆர்ட்டீமியா என்கிற உப்பளத்து இறாலின் முட்டை பொரிக்க அது போதும், ஒரு நாள் இரண்டு நாள் வேலைதானே. கோபிபாட் தலைமுறை தலைமுறையாக அந்தத் தண்ணீரிலேயே வாழ வேண்டும், தோலுரித்துத் தோலுரித்து வளரும் ஜந்து அது, முட்டையிலிருந்து வந்தால் நாப்ளியஸ் என்கிற குஞ்சு நிலை ஆறு, அப்புறம் கோபிபோடிட் என்கிற இளம் நிலை ஐந்து, அதற்கு மேல்தான் பெரியது. அதற்கு மெக்னீசியம், கால்சியம் எல்லாம் வேண்டும். நீங்கள் புதிதாக உப்பு கரைக்கக்கூட வேண்டியதில்லை, டேங்கில் தண்ணீர் மாற்றும்போது வெளியே எடுக்கிற தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாமல் துணியில் வடிகட்டி வளர்ப்பு வாளிக்கு வையுங்கள்.

ஆவியாகும் தண்ணீருக்கு ஈடு கட்ட ஆர்ஓ தண்ணீர் மட்டும். எங்கள் பக்கம் தோல் தொழிற்சாலைகளால் நிலத்தடி நீர் எப்படிக் கெட்டிருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், போர் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை வைத்தால் மீட்டருக்கே வெட்கமாக இருக்கும். மீன் தாங்குகிற உலோகத்தைக்கூட இந்தச் சின்ன உயிர்கள் தாங்காது. குறிப்பாகச் செம்பு. வெள்ளைப்புள்ளி நோய்க்குச் செம்பு மருந்து போட்ட வாளி, குழாய், ஸ்பாஞ்ச் எதையும் கோபிபாட் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

எனக்கு ஒரு கருத்து உண்டு, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களிடம் இப்போது இருக்கும் மீன்களுக்கு உயிருள்ள கோபிபாட் தேவையே இல்லை. ஆசைக்காக ஒரு மீனை வாங்கி, அதற்காக ஒரு பண்ணை நடத்துவானேன்? ஃப்ரோஸன் சாப்பிடப் பழகிய மாண்டரின் கிடைத்தால் வாங்குங்கள், கடையில் வைத்தே உங்கள் கண் முன்னால் சாப்பிட வைத்துக் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.


ஆற்காடு_கிளவுன்:

ஐயா சொல்வதில் கடைசிப் பத்தியோடு மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. பண்ணை என்று பெரிதாகச் சொல்லிவிட்டார், நான் அடுப்படி ஜன்னல் ஓரத்தில் நான்கு பாட்டில் வைத்திருக்கிறேன், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஃப்ரோஸனுக்குப் பழகிய மாண்டரினும் கடையில் சாப்பிட்டதை வீட்டில் சாப்பிடாமல் அடம் பிடிப்பது உண்டு, அப்போது கைவசம் உயிர்த்தீனி இல்லாவிட்டால் கண் முன்னாலேயே வற்றிப்போகும். வாங்கும்போது மேலிருந்து பாருங்கள், தலைக்குப் பின்னால் முதுகு ஒட்டி எலும்பு துருத்தினால் அது ஏற்கெனவே பட்டினி கிடந்த மீன்.

நான் கிளவுன் குஞ்சு பொரிப்பவள், கோபிபாட் வளர்ப்பது அதற்காகத்தான். குஞ்சுக்கு முதல் தீனி ரோட்டிஃபர் என்கிற நுண்ணிய பிராணி, அதோடு கோபிபாட் நாப்ளியஸும் சேர்த்துக் கொடுத்தால் குஞ்சு திடமாக வருகிறது. காரணம் கொழுப்புதான். டிஹெச்ஏ என்கிற கொழுப்பு அமிலம் ஆர்ட்டீமியாவில் இயல்பாக இல்லை, நாம் ஊட்டி ஏற்ற வேண்டும், ஏற்றினாலும் சில மணி நேரத்தில் அது கரைத்துவிடும். கோபிபாட்டில் அது இயல்பாகவே இருக்கிறது. டிக்ரியோபஸும் டிஸ்பேயும் சுமாரான தீனியிலிருந்துகூட ஓரளவு தாமே அதைச் செய்துகொள்ளும். கேரளத்தில் விழிஞ்ஞத்தில் இருக்கும் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனக்காரர்கள் நம் கடலில் இருந்தே கோபிபாட் பிரித்தெடுத்து வளர்த்திருக்கிறார்கள், கலேனாய்டு வகை. அது வீட்டில் கஷ்டம், உயிருள்ள பாசி தவிர வேறு எதையும் தொடாது, நெரிசலும் தாங்காது. நமக்கு டிக்ரியோபஸ் போதும்.

எப்படி வைக்கிறேன் என்று சொல்கிறேன். ஐந்து லிட்டர் குடிதண்ணீர் பாட்டில், கழுத்தை வெட்டியது. முக்கால்வாசி கடல்நீர். காற்றுக் குழாயின் முனையில் கல் மாட்டக் கூடாது, பொடிக் குமிழி உடம்பில் ஒட்டி மேலே தூக்கிவிடும். வெறும் குழாயை அடிவரை விட்டு, ஒவ்வொரு குமிழியாக எண்ணுகிற அளவுக்கு மெதுவாகத் திறந்தால் போதும். தீனி பச்சைப் பாசித் தண்ணீர். நான்னோகுளோராப்சிஸ் வளர்ப்பது சுலபம், ஆனால் டிஹெச்ஏ அதில் குறைவு, ஐசோகிரைசிஸ் என்கிற பழுப்புப் பாசியும் கலந்தால் நல்லது. தண்ணீர் இளநீர்க்காய்ப் பச்சை வரும்வரை ஊற்றுங்கள், பாட்டிலுக்குப் பின்னால் விரல் வைத்தால் விரல் மங்கலாகத் தெரிய வேண்டும். இரண்டு மூன்று நாளில் தண்ணீர் தெளியும், தெளிந்த பிறகுதான் அடுத்தது. பாசி வளர்க்க நேரம் இல்லாதவர்கள் ஸ்பைருலினா பொடியை நுனி விரலில் எடுத்து உப்புத் தண்ணீரில் நன்றாகக் கரைத்து வடிகட்டி ஊற்றலாம், டிக்ரியோபஸ் அதில் வாழும். ஆனால் ஒரு சிட்டிகை கூடினாலும் மறுநாள் காலையில் நாற்றம் அடிக்கும்.

பாசி பாட்டிலுக்கும் கோபிபாட் பாட்டிலுக்கும் ஒரே கரண்டி, ஒரே குழாய் வைத்துக்கொள்ளாதீர்கள், கோபிபாட் தண்ணீர் ஒரு சொட்டுப் போனால் போதும், பாசியை முழுக்கத் தின்று வெள்ளையாக்கிவிடும். ரோட்டிஃபர் நுழைந்தாலும் அதே கதிதான், அது கோபிபாட்டைவிட வேகமாகப் பெருகி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எப்போதும் இரண்டு பாட்டிலாக வைத்துக்கொள்ளுங்கள், வேறு வேறு அறையில் இருந்தால் இன்னும் நல்லது.

வெயிலைப் பற்றி. டிக்ரியோபஸ் கடலோரப் பாறைக் குழிகளில் வாழ்கிற ஜாதி, அலை தெறித்துத் தேங்கிய தண்ணீர் வெயிலில் காய்ந்து உப்பு ஏறும், மழையில் உப்பு இறங்கும், எல்லாவற்றையும் பார்த்தது. சூட்டை அது தாங்கிக்கொள்ளும். ஆனால் சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவு, அதிகமாகத் தீனி போட்டிருந்தால் அதுவும் அழுகி ஆக்ஸிஜனைத் தின்னும், இரண்டும் சேர்ந்தால்தான் ஒரே ராத்திரியில் காலி. சித்திரை, வைகாசியில் தீனியைக் குறைத்து, பாதிப் பாதியாகத் தண்ணீர் மாற்றிக்கொண்டே இருங்கள். டேங்குக்குச் சின்ன ஃபேன் ஒன்று தண்ணீர்ப் பரப்பின் மேல் வீசட்டும். சென்னையில் காற்றே ஈரம், அங்கே ஃபேன் அவ்வளவாக வேலை செய்யாது. நம் ஊர் வறண்ட வெயில், தண்ணீர் ஆவியாகி இரண்டு மூன்று டிகிரி இறங்கிவிடும். அதற்குத் தகுந்தபடி தினமும் ஆர்ஓ தண்ணீர் ஊற்றாவிட்டால் உப்பு ஏறிவிடும். காற்று மோட்டார் இன்வெர்ட்டர் லைனில் இருக்கட்டும்.

பாசி பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைத்து, தினமும் ஒரு தடவை குலுக்கிவிட்டால் இரண்டு மூன்று வாரம் தாங்கும். மேலே பெரிதாக எழுதி ஒட்டுங்கள், எங்கள் வீட்டில் கொத்தமல்லி சட்னி என்று நினைத்துத் திறந்துவிட்டார்கள்.


சத்துவாச்சாரி_ரீஃப்:

எல்லோருக்கும் நன்றி. மாண்டரின் இப்போது வாங்கப் போவதில்லை, முடிவு செய்துவிட்டேன்.

நேற்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன், கண்ணாடியில் நிறைய வெள்ளைப் புள்ளிகள், சிலது ஊர்கிறது, சிலது அசையவே இல்லை. இது கோபிபாட்தானா? அப்புறம் நண்பர் ஒருவர் மாண்டரினுக்குப் பதில் கடல்குதிரை வை, அதுவும் கோபிபாட் சாப்பிடும், தனக்குத் தெரிந்த ஆள் மூலம் ராமேஸ்வரத்திலிருந்து வரவழைத்துத் தருகிறேன் என்கிறார். சரியாக வருமா?


ராணிப்பேட்டை_பெரியவர்:

கடல்குதிரையைத் தொடவே தொடாதீர்கள். 2001இலேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள், அந்தக் குடும்பம் முழுவதையும். பிடிப்பது, விற்பது, வாங்குவது எல்லாம் குற்றம். அந்த நண்பருக்கும் சொல்லிவையுங்கள்.


காட்பாடிக்காரன்:

வெள்ளைப் புள்ளிக்கு வருவோம். டார்ச் முகப்பில் சிவப்பு ஜிகினாத் தாள் சுற்றிப் பாருங்கள், வெள்ளை வெளிச்சம் பட்டால் பாதி ஓடிவிடும். அசையாமல் சுருண்டு, வட்டமாக, சுண்ணாம்பு மாதிரி கெட்டியாக ஒட்டியிருந்தால் அது ஸ்பைரார்பிஸ் புழுவின் கூடு, ஒன்றும் செய்யாது. வழுக்கிக்கொண்டு ஒரே சீராக நகர்ந்தால் தட்டைப்புழு. கொஞ்சம் ஓடி, நின்று, திரும்ப ஒரு வெட்டு வெட்டி ஓடினால் கோபிபாட். அரிசி அளவுக்கு வளைந்த உடம்போடு பக்கவாட்டில் ஓடினால் ஆம்ஃபிபாட், அதுவும் நல்லதுதான், ஆனால் மாண்டரின் வாய்க்குப் பெரிது.

கையில் லென்ஸ் இருந்தால் இன்னொன்றும் பார்க்கலாம். டிஸ்பே, டிக்ரியோபஸ் பெண்ணுக்கு வாலடியில் ஒரே ஒரு முட்டைப் பை தொங்கும். அபோசைக்ளாப்ஸுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக இரண்டு பை. முட்டைப் பையோடு நிறையக் கண்ணில் பட்டால் டேங்கில் பெருகுகிறது என்று அர்த்தம், பாட்டிலே தேவைப்படாமல் போகலாம். முன் கண்ணாடியை மட்டும் துடையுங்கள், பின் கண்ணாடியிலும் பக்கத்திலும் படியும் பாசியை விட்டுவையுங்கள், அதுதான் அவற்றுக்கு மேய்ச்சல்.

சென்னையிலிருந்து பாட்டில் எடுத்து வந்தால் தெர்மோகோல் பெட்டியில், காலை ரயிலில் ஏறிக் காட்பாடியில் இறங்கிவிடுங்கள். மதிய பஸ்ஸில் பார்சல் போட்டு வரவழைத்தால் வந்து சேர்வது வெறும் தண்ணீர்.


ஆற்காடு_கிளவுன்:

தம்பி, அதற்கு முன்னால் சென்னை எதற்கு? டிக்ரியோபஸ் என்னிடம் நிறைய இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வடிக்கும் நாள். ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு எடுத்து வாருங்கள், சோப்பு போட்டுக் கழுவியது வேண்டாம், வெந்நீரில் அலசினால் போதும். பாதிதான் தண்ணீர் நிரப்பித் தருவேன், மீதி காற்று இருக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள், ஒன்பது மணிக்கு முன்னால் வந்துவிடுங்கள். டிஸ்பே என்னிடம் இல்லை, காட்பாடி அண்ணாவைக் கேளுங்கள்.


காட்பாடிக்காரன்:

டிஸ்பே தருகிறேன், ஆனால் தண்ணீரில் அள்ளித் தர முடியாது. என் சம்பிலிருந்து ஒரு கைப்பிடி கீட்டோவும் இரண்டு ராக் துண்டும் தருகிறேன், அதில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் குலுக்கி அலசாமல் அப்படியே சம்பில் போடுங்கள். உங்கள் டேங்க் உப்பு எவ்வளவு? என்னுடையது ஒப்படர்த்தி 1.025. வரும்போது உங்களுடையதையும் அளந்துகொண்டு வாருங்கள்.